ஆளும் கெடைக்கல, வேலையும் கெடைக்கல

எங்கள் பொம்மிடிப் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இரண்டு புகார் காதில் விழும். "காட்டு வேலைக்கு ஆளே கெடைக்கல சார்" என்பார் அப்பா. "படிச்சு முடிச்சு மூணு வருசம் ஆச்சு, வேலையே கெடைக்கல" என்பான் பையன். ஒரே கூரைக்கு அடியில் இரண்டு பேச்சு. இரண்டும் பொய் இல்லை.

ஆள் பஞ்சமும் வேலைப் பஞ்சமும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும்? இதற்கு நம்மில் பல பேர் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறோம்: "நூறு நாள் வேலை வந்துச்சு, ஜனங்க சோம்பேறி ஆயிட்டாங்க." நம் இயக்கக் கூட்டங்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது, கைத்தட்டலும் வாங்குகிறது. இது தவறான பதில் என்பது என் கருத்து. இந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டே இருக்கும்வரை, நிஜமான காரணங்கள் பக்கம் நாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அதனால்தான் எழுதுகிறேன்.

மஞ்சள் இலைக்கு ஒரே மருந்தா?

நிலக்கடலையில் இலை மஞ்சளாகப் போனால் விவரம் தெரிந்த உழவர் உடனே கடைக்கு ஓட மாட்டார். தண்ணீர் தேங்கி வேருக்கு மூச்சு முட்டியிருக்கலாம். சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்புச் சத்து வேருக்கு எட்டாமல் போயிருக்கலாம். பூச்சி சாறு உறிஞ்சியிருக்கலாம். அடையாளம் ஒன்று, காரணம் பல. வேலையின்மையும் அப்படித்தான்.

பன்னிரண்டாம் வகுப்புப் பொருளாதாரப் புத்தகத்தைப் புரட்டினால் சுழல் வேலையின்மை, பருவகால வேலையின்மை, பிறழ்ச்சி வேலையின்மை, படித்தவர் வேலையின்மை, தொழில்நுட்ப வேலையின்மை, அமைப்புசார் வேலையின்மை, மறைமுக வேலையின்மை என்று ஏழு பெயர் இருக்கும். நம்ம பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்துவிடுகிற பெயர்கள். ஆனால் அந்த ஏழும் எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் ஊருக்கு ஊர் நடமாடுகின்றன. எது எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும்.

அதற்கு முன்னால் அரசாங்கக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-18 முதல் ஒன்றிய அரசு தொழிலாளர் கணக்கெடுப்பு ஒன்றை வருடம் தவறாமல் நடத்துகிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டு, வேலை செய்கிற அல்லது வேலை தேடுகிறவர்களில் வேலையில்லாதவர்கள் 2017-18-ல் நூற்றுக்கு 6 பேர், 2023-24-ல் 3.2 பேர் என்கிறது அந்தக் கணக்கு. பாதியாகக் குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்படலாம். ஆனால் யாரை வேலை உள்ளவர் என்று எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வருடத்தில் பெரும்பகுதி சும்மா இருந்தாலும் முப்பது நாள் ஒரு வேலை பார்த்திருந்தால் அவர் வேலை உள்ளவர். வாரக் கணக்கில் என்றால், ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். சம்பளம் இல்லாமல் வீட்டு நிலத்தில் கூடமாட ஒத்தாசை செய்கிறவரும் வேலை உள்ளவர்தான்.

இந்த அளவுகோலில் மானாவாரி ஊரில் வேலையில்லாதவர் என்று யாரைப் பிடிக்க முடியும்? ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்ட பாட்டிகூட வேலை உள்ளவர்தான். வேலையே இல்லாமல் உட்கார்ந்திருக்க வசதி வேண்டும். ஏழைக்கு அந்த வசதி கிடையாது. நம் நாட்டில் வேலையின்மையை ஒரே எண்ணில் அடக்க முடியாது என்று 1970-லேயே தந்த்வாலா குழு சொல்லிவிட்டது. நாம் இன்னும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. உழைப்பவர்களில் வேளாண்மையை நம்பி இருப்பவர்கள் 2018-19-ல் நூற்றுக்கு 42.5 பேர். 2023-24-ல் 46.1 பேர். காலங்காலமாக இறங்கிவந்த எண், கொரோனா வந்த வருடத்தில் ஏறியது. பழைய இடத்துக்கு இன்னும் இறங்கவில்லை. நாட்டு வருமானத்தில் வேளாண்மையின் பங்கு ஏறக்குறைய 18 சதவீதம். அந்த 18-ஐத்தான் 46 பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வேலையின்மை குறைந்தது என்பதன் ஒரு பாதி ரகசியம் இதில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பி வந்தவனை நிலம் ஏற்றுக்கொண்டது. நிலம் யாரையும் "இடம் இல்லை" என்று திருப்பி அனுப்பாது.

ஆடி முதல் மார்கழி வரை

எங்கள் மண்ணுக்குச் சொந்தமானது பருவகால வேலையின்மை. வாணியாறு அணைத் தண்ணீர் பாய்கிற பக்கமும், கிணறு வற்றாத வெற்றிலைத் தோட்டமும் போக, மற்றதெல்லாம் வானம் பார்த்த கொல்லை. ஆடியில் விதைப்பு, ஆவணி, புரட்டாசியில் களை, கார்த்திகை, மார்கழியில் அறுவடை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் தை முடிந்தால் பிறப்பது வெளியூர் போகிற வழி.

பொம்மிடி ஸ்டேஷன் ஜோலார்பேட்டை - சேலம் பாதையில் இருக்கிறது. ஒரு பக்கம் ஏறினால் சேலம், ஈரோடு, திருப்பூர். மறு பக்கம் ஏறினால் ஜோலார்பேட்டை, அங்கிருந்து பெங்களூரு. மேஸ்திரி போன் பண்ணினால் பத்துப் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மலைப்பக்கத்து ஜனங்கள் குடகு காப்பித் தோட்டத்துக்கும் கேரளத்து மிளகுக்கும் போகிறார்கள். வீட்டில் கிழவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மிச்சம்.

இதை "பிழைப்பு தேடிப் போறாங்க" என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பிழைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2015 ஏப்ரல் 7-ஐ மறக்கக் கூடாது. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி இருபது பேரை அந்த மாநிலப் போலீஸ் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் திருவண்ணாமலை மாவட்டத்து மலையாளிப் பழங்குடிகள் பலர். நம் சித்தேரி மலை ஊர்க்காரர்களும் இருந்தார்கள். சாமையும் கொள்ளும் விளைகிற மலையில் வருடம் முழுக்க வேலை இருந்திருந்தால், எவனோ ஒரு புரோக்கர் காட்டிய காசுக்கு அவர்கள் ஏன் போகிறார்கள்? பருவகால வேலையின்மை என்று புத்தகத்தில் நாலு வரியில் முடிகிற விஷயம், இங்கே இருபது உயிர்.

மறைந்திருக்கும் வேலையின்மை

இரண்டு ஏக்கர் நிலம், ஒரு போர்வெல். அதில் அப்பா, அம்மா, மகன், மருமகள் என்று நாலு பேர். இரண்டு பேர் போனாலும் விளைச்சல் குறையாது என்றால், அந்த இரண்டு பேரும் மறைமுகமாக வேலையில்லாதவர்கள் என்கிறது பொருளாதாரம். தமிழ்நாட்டில் ஒரு உழவர் கைவசம் இருக்கும் சராசரி நிலம் 2015-16 கணக்குப்படி 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட முழுசாக இல்லை. ஆகவே இந்த வகை வேலையின்மை நம்மிடம் உண்டு, மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்தக் கருத்தை வைத்து ஒரு பெரிய கட்டடமே எழுப்பினார்கள். கிராமத்தில் ஆட்கள் உபரியாக இருக்கிறார்கள், அவர்களை இழுத்துத் தொழிற்சாலையில் போட்டால் நாடு முன்னேறும், வேளாண்மைக்கு நஷ்டம் இல்லை என்ற கருத்தை 1954-ல் ஆர்தர் லூயிஸ் எழுதினார். இதை எதிர்த்தவர் தியோடர் ஷூல்ட்ஸ். அவர் எடுத்துக்காட்டியது நம் நாட்டைத்தான். 1918-19 விஷக்காய்ச்சலில் இந்தியாவில் கோடிக்கு மேல் மக்கள் செத்தார்கள். உபரி ஆள் போனதால் ஒன்றும் குறையாது என்பது உண்மையானால், விதைத்த பரப்பு அப்படியே இருந்திருக்க வேண்டும். ஆனால் குறைந்தது என்றார் ஷூல்ட்ஸ். அமர்த்தியா சென் அவர் கணக்கில் குறை கண்டார். வாதம் ஓயவில்லை. வேடிக்கை என்னவென்றால் லூயிஸ், ஷூல்ட்ஸ் இரண்டு பேருக்கும் சேர்த்தே 1979-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்!

அறிஞர்கள் சண்டை இருக்கட்டும். கொல்லையில் நிற்கிற நமக்கு ஒரு விஷயம் தெரியும். உபரி ஆள் என்பது பயிரைப் பொறுத்தது. ஒரே பயிர், கடையில் வாங்கிய விதை, மூட்டை உரம், களைக்கொல்லி என்று போனால் இரண்டு ஏக்கருக்கு ஒரு ஆளே அதிகம். அதே இரண்டு ஏக்கரில் கேழ்வரகும் அவரையும் துவரையும், வரப்பில் ஆமணக்கும், கொட்டாயில் இரண்டு மாடும் நாலு ஆடும் இருந்தால் நாலு பேருக்கும் கை ஓயாது. ஆளை உபரி ஆக்கியது நாம் தேர்ந்தெடுத்த சாகுபடி முறை. மண்ணில் குறை இல்லை, மனிதரிடமும் குறை இல்லை.

களைக்கொத்து எங்கே போச்சு?

அடுத்தது தொழில்நுட்ப வேலையின்மை. டிராக்டர், அறுவடை எந்திரம் என்றால் எல்லாருக்கும் உடனே புரிகிறது. உழவு, அறுப்பு, தூற்றல் என்று முதுகு ஒடிகிற வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அறுபது வயதுக்கு மேல் மண்வெட்டி பிடித்துப் பார்த்தவனுக்கு எந்திரத்தின் அருமை தெரியும்.

சத்தமே இல்லாமல் வேலையைத் தின்றது வேறொன்று. அது களைக்கொல்லி. களை எடுப்பது எங்கள் பக்கம் முழுக்கப் பெண்கள் வேலை. பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் நாள் முழுக்கச் செய்த வேலையை ஒரு ஆம்பளை தெளிப்பான் தூக்கிக்கொண்டு ஒரு காலையில் முடித்துவிடுகிறான். அந்தப் பத்துக் கூலியில் ஒரு பகுதி மருந்துக் கடைக்குப் போயிற்று. களைக்கொத்து பரணுக்குப் போயிற்று. களை எடுக்கிறபோதே கையோடு வந்த பண்ணைக் கீரையும், மாட்டுக்கு வந்த புல்லும் போயின. பெண் வேலை இழந்தாள் என்று எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. "வீட்டு வேலை செய்கிறார்" என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

இதெல்லாம் இன்று நேற்று ஆரம்பித்தது இல்லை. 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோதே ஜே.சி. குமரப்பா கைக்குத்தல் அரிசிக்கும் செக்கு எண்ணெய்க்கும் அதனால்தான் வாதாடினார். மில் வந்தால் தவிடு போகிறது, சத்து போகிறது, கூடவே குத்துகிறவளின் கூலியும் போகிறது என்பது அவர் கணக்கு. நம்ம ஊர்த் தமிழர் சொன்ன கணக்கை நாம் தொண்ணூறு வருடம் கழித்து இப்போதுதான் வாசிக்கிறோம்.

நான் வங்கியில் இருந்த காலத்தில் பயிர்க்கடனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஒரு அளவு வைக்கும். விதை, உரம், பூச்சிமருந்து, உழவு, கூலி எல்லாம் அதில் வரும். டிராக்டர் கடனுக்கும் பக்கம் பக்கமாகப் படிவம். எவ்வளவு வருமானம், எத்தனை தவணை, என்ன ஈடு என்று அத்தனையும் கேட்கும். இந்தக் கடனால் ஊரில் எத்தனை ஆள் நாள் வேலை கூடும், எத்தனை குறையும் என்று கேட்கிற ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது. கேட்காத கேள்விக்குப் பதில் எங்கிருந்து வரும்?

படித்தவன் ஏன் காட்டுக்கு வரமாட்டேன் என்கிறான்?

இப்போது அந்தப் பையனிடம் வருவோம். 2024-ல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சம் பேர். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேருக்கு மேல். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்து காத்திருந்தவர்கள் தமிழ்நாட்டில் 2023-ல் அறுபது லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். படிப்பு ஏற ஏற வேலையின்மையும் ஏறுகிற விசித்திரம் நம் நாட்டில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் அது மிகக் குறைவு, பட்டதாரியிடம் அதைவிடப் பல மடங்கு.

இதைப் படித்தவன் திமிர் என்று பேசுவது எனக்குச் சம்மதம் இல்லை. கடன் வாங்கி டிப்ளமோவோ இன்ஜினீயரிங்கோ படிக்க வைத்தது நாம்தான். "எங்க மாதிரி நீயும் மண்ணுல கெடக்காத" என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததும் நாம்தான். படித்த படிப்பு ஓசூர் தொழிற்சாலைக்குத் தேவையான கைத்திறனையும் தரவில்லை, கொல்லையில் இறங்கும் பழக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. வேலை ஒரு மாதிரி, திறமை ஒரு மாதிரி என்று இரண்டும் பொருந்தாமல் நிற்பதைத்தான் அமைப்புசார் வேலையின்மை என்கிறார்கள்.

1993-ல் படித்த வேலையில்லா இளைஞர்களுக்கென்று பிரதமரின் ரோஜ்கார் யோஜனா வந்தது. என் மேஜைக்கு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஜெராக்ஸ் கடை, டெலிபோன் பூத், மளிகைக் கடை, லோடு ஆட்டோ. செக்கு போடுகிறேன், சாமை உடைக்கிற மெஷின் போடுகிறேன், புளி பதப்படுத்துகிறேன் என்று வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஊரில் விளைவதை வைத்து ஒரு தொழில் செய்யலாம் என்ற எண்ணமே பள்ளிக்கூடத்திலிருந்து பட்டம் வரை யாரும் அந்தப் பிள்ளைகள் தலையில் போடவில்லை.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒரு மேஸ்திரியை விட்டு அடுத்த மேஸ்திரி கிடைக்கும்வரை சும்மா இருப்பது பிறழ்ச்சி வேலையின்மை. அது பத்து நாள் காய்ச்சல், தானே போய்விடும். சுழல் வேலையின்மை அப்படி இல்லை. உலகச் சந்தை படுத்தால் இதுவும் படுக்க வைக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பனியன் கம்பெனிகள் கலங்கிப் போயின. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து பொம்மிடியில் ஒரு வீட்டு அடுப்பைத் தொடுகிறது. 2020-ல் ஊரடங்கு போட்டபோது பெங்களூரிலிருந்து நடந்தும் லாரி பிடித்தும் வந்தவர்களுக்குச் சோறு போட்டது இந்தக் கொல்லைதான். ஆனால் கொல்லையை ஆபத்துக்கு மட்டும் ஓடிவருகிற சத்திரமாக எத்தனை காலம் வைத்திருக்கப் போகிறோம்?

நூறு நாள் வேலை மேல் பழி

இப்போது அந்தத் தயாரான பதிலுக்கு வருகிறேன். 2005-ல் சட்டம் வந்தது. முதல் இரண்டு கட்டங்களில் நம் மாவட்டம் இல்லை. 2008 ஏப்ரலில்தான் இங்கே வந்தது. பெயர் நூறு நாள் என்றாலும், நாட்டுக் கணக்கில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது ஐம்பது நாள் சுற்றித்தான். 365-ல் 50 போனால் 315. மிச்சம் முந்நூற்றுப் பதினைந்து நாளும் ஆள் எங்கே போனது? அந்த ஐம்பது நாளா நம் காட்டைக் காலி பண்ணியது?

யார் அந்த வேலைக்குப் போகிறார்கள் என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையில் செய்யப்பட்ட மனித நாட்களில் 85 சதவீதத்துக்கு மேல் பெண்களுடையது. அதிலும் வயசானவர்கள் நிறைய. வாட்டசாட்டமான இளவட்டம் அங்கே மண் அள்ளவில்லை, பெங்களூரில் கலவை போடுகிறான். அவனை இழுத்துக்கொண்டு போனது கொத்து வேலைக் கூலி. 2025-26-க்கு தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் கூலி 336 ரூபாய். அந்த 336-ஐவிடக் குறைவாகக் களை எடுக்கக் கூப்பிட்டுவிட்டு, வரவில்லை என்று கோபப்பட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறதா?

2025 டிசம்பரில் பழைய சட்டத்தை மாற்றி நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நூறு நாள் 125 ஆனது. செலவில் 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநில அரசு. விதைப்பும் அறுவடையும் மும்முரமாக இருக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம். இந்தக் கடைசி விஷயம் உழவருக்குக் கிடைத்த வெற்றி என்று நம்மில் சிலர் கொண்டாடுகிறார்கள். நான் கொண்டாட மாட்டேன். கேட்டால் வேலை தர வேண்டும் என்பது அந்த ஏழைப் பெண்ணின் உரிமை. அதை நிறுத்தி, வேறு வழி இல்லாமல் நம் கொல்லைக்கு வரவைக்கிறோம் என்றால் அது உழவனுக்கு அழகா? மானாவாரியில் மும்முரமான காலத்தை மேலே உட்கார்ந்து தேதி போட்டும் சொல்ல முடியாது. ஒரு மழை பொம்மிடியில் பெய்யும், கடத்தூரில் பெய்யாது. இங்கே விதைப்பு நடக்கும்போது அங்கே நிலம் காய்ந்து கிடக்கும். அங்கே இருக்கிறவள் அந்த நாளில் என்ன செய்வாள்?

கூலி கொடுக்க நமக்கு மனசு இருக்கிறது, கையில் காசு இல்லை என்பீர்கள். அதுதான் உண்மை. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டிய இடம் வேறு. குறைந்தபட்ச ஆதரவு விலையை, கையை விட்டுப் போன செலவும் குடும்பத்து உழைப்பும் சேர்ந்த தொகையில் ஒன்றரை மடங்கு என்று வைக்கிறார்கள். நிலத்துக்கான குத்தகை மதிப்பும் சொந்த முதலுக்கான வட்டியும் சேர்ந்த முழுச் செலவின் மேல் 50 சதவீதம் கொடு என்று உழவர் இயக்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. சுவாமிநாதன் ஆணையம் அறிக்கை முடித்து 2006-லிருந்து எத்தனை வருடம்! அந்த விலையும்கூடக் கேழ்வரகுக்கு ஏதோ கொள்முதல் என்று நடக்கிறது. சாமைக்கும் அவரைக்கும் எங்கே? விலை வந்தால் கூலி தரலாம், கூலி தந்தால் ஆள் வரும். நம் சண்டை மேலே இருக்கிறவரோடு. பக்கத்துத் தெருப் பெண்ணோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

வருடம் முழுக்க வேலை

"இயற்கை வேளாண்மைக்கு ஆள் அதிகம் வேணும், அதனால் சரிப்படாது" என்று சொல்கிறார்கள். ஆள் அதிகம் வேண்டும் என்பது உண்மை. இத்தனை பேர் வேலை இல்லாமல் ஊரை விட்டுப் போகிற நாட்டில், ஆளுக்கு வேலை தருவதைக் குறை என்று எப்படிச் சொல்வது? கேட்க வேண்டிய கேள்வி, அந்த வேலை எந்த மாதத்தில் வருகிறது, எந்தக் கூலியில் வருகிறது என்பதுதான்.

கேழ்வரகுக் கொல்லையில் அவரையும் துவரையும் சால் விட்டு, ஓரத்தில் ஆமணக்கு வைத்தால் கணக்கு இப்படிப் போகும். கேழ்வரகு கார்த்திகையில் வீட்டுக்கு வரும். அவரை மார்கழி, தை. துவரை தை, மாசி. ஆமணக்கு பங்குனி வரைக்கும் கொத்துக் கொத்தாக வரும். ஒரே பயிரில் இரண்டு வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆள் தேடி அலைகிற நெருக்கடி, கலப்புப் பயிரில் ஏழெட்டு மாதத்துக்குப் பரவிவிடுகிறது. குடும்பத்து ஆட்களே பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். ஆள் பஞ்சமும் வேலைப் பஞ்சமும் ஒரே மருந்துக்கு இறங்குகிற இடம் இது.

அடுத்தது, விளைந்ததை அப்படியே மூட்டை கட்டி அனுப்பாமல் இருப்பது. புளியைப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தை முதல் வைகாசி வரை புளி தட்டி, நார் எடுத்து, கொட்டை எடுத்து எத்தனை பெண்கள் பிழைக்கிறார்கள்! காட்டு வேலை இல்லாத கோடையில் வருகிற வேலை அது. சாமையை அரிசியாக்குவதும், கடலையைச் செக்கில் ஆட்டுவதும், மரவள்ளியைச் சேலத்து ஜவ்வரிசி ஆலைக்கே முழுதும் அனுப்பாமல் கொஞ்சமாவது இங்கேயே சிப்ஸும் மாவும் ஆக்குவதும் அதே மாதிரிதான். தருமபுரியில் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. மல்பெரி வைத்தவர்கள் வருடத்துக்கு எட்டு, பத்து முறை புழு வளர்க்கிறார்கள். மாதாமாதம் கையில் காசு. மல்பெரித் தோட்டத்தில் கண்ட மருந்தையும் அடித்தால் புழு செத்துப் போகும் என்பதால், யாரும் பாடம் எடுக்காமலே பூச்சிமருந்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒரு செக்கோ சாமை மெஷினோ ஊருக்கு ஒன்று வந்தால், டிப்ளமோ படித்துவிட்டு சும்மா இருக்கிற பையனுக்கும் அங்கே வேலை உண்டு. எந்திரம் ஓட்ட, கணக்கு வைக்க, சரக்கைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் விற்க அவன் படிப்பு உதவும். களை எடுக்க வா என்றால் வரமாட்டான். இதற்கு வருவான்.

மூன்றாவது, அரசாங்க வேலை நாளை நம் கொல்லைக்குக் கொண்டுவருவது. நூறு நாள் திட்டத்தில் சிறு, குறு உழவர் நிலத்திலேயே வரப்பு போடலாம், பண்ணைக்குட்டை வெட்டலாம் என்று விதி இருந்தது. எத்தனை ஊரில் கேட்டு வாங்கினோம்? ரோட்டோரத்தில் புல் செதுக்கினார்கள் என்று கேலி செய்தோமே தவிர, கிராம சபையில் எழுந்து நின்று எங்கள் ஏரியைத் தூர் வாரு, எங்கள் கொல்லைக்கு வரப்பு போடு என்று தீர்மானம் எழுதச் சொன்னவர்கள் குறைவு. மாசி முதல் ஆனி வரை காட்டு வேலை இல்லாத காலத்தில் இந்த வேலை நடந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வரப்பு நின்றால் ஈரம் நிற்கும். ஈரம் நின்றால் ஆடிப் பயிருக்குப் பின்னால் ஒரு கொள்ளோ, எள்ளோ எடுக்கலாம். அது இன்னும் ஒரு மாத வேலை. பெங்களூரு ரயிலை ஒரு மாதம் தள்ளிப் போடலாம்.

நம் இயக்கத்துக்கு நான் வைக்கிற கோரிக்கை இவ்வளவுதான். ஒவ்வொரு கிளையும் தன் ஊருக்கு ஒரு வேலை நாட்காட்டி போடட்டும். எந்த மாதம் எந்தப் பயிருக்கு எத்தனை ஆள் வேண்டும், எந்த மாதம் ஊர் சும்மா இருக்கிறது, யார் யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினால் போதும். கூலிக்காரர்களையும் கூட உட்கார வைத்து எழுத வேண்டும்; அவர்கள் இல்லாமல் எழுதினால் அது பாதிக் கணக்கு. வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்த சபைக்கு அந்த நோட்டோடு போவோம். ஆண்டுத் திட்டத்தில் நம் வரப்பும் ஏரியும் ஏறட்டும். நிறுத்தி வைக்கும் நாள் எது என்பதை ஊரே சொல்லட்டும், அதுவும் வேலை கேட்கிறவர்கள் சம்மதத்தோடு.

ஆள் இல்லை என்று சொல்கிற அப்பாவும், வேலை இல்லை என்று சொல்கிற மகனும் கேட்பது ஒரே பொருளைத்தான்: வருடம் முழுக்க, மரியாதையான கூலியோடு, சொந்த ஊரில் ஒரு வேலை. அதை இந்த மண்ணால் தர முடியும். நாட்காட்டியை மாசிக்குள் எழுதி முடித்தால் வருகிற ஆடிக்கே பார்க்கலாம்.